ஒரு வெடி ரெண்டு டொலர்

விலை கேட்டுக் கோபப்படுவதற்காகவே ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவர் எங்கள் கடைக்கு வருவார். கதவைத் தள்ளித் திறக்கும் வேகத்திலேயே அவர்தான் என்று தெரிந்துவிடும். நேரே தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலுமாரிக்கு வந்து, நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "இந்த வருசம் எவ்வளவு?" என்பார். நான் சொல்வேன். அவருக்கு மூக்கு விடைக்கும்.

கடை ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம், பஸ் ஓடுகிற பெரிய தெருவில் இருந்தது. மீன்பிடிச் சாமானும் வேட்டைச் சாமானும் விற்கிற கடை. முதலாளி வெள்ளைக்காரர், அறுபது தாண்டியவர். எங்களுடைய ஆட்கள் தூண்டிலும் புழுவும் வாங்க வரத்தொடங்கியபோது, அவர்களோடு தமிழில் கதைக்க ஒரு பிள்ளை இருந்தால் வியாபாரத்துக்கு நல்லது என்று என்னை எடுத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. மீன்பிடிப் பக்கம் ஆள் இல்லாத நேரங்களில் தோட்டா அலுமாரிக்குப் பின்னால் நிற்கச் சொல்வார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடிவந்தவள் ரொறன்ரோவில் தோட்டா விற்றேன். இதைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவருடைய பெயரைச் சொல்ல எனக்கு இப்போதும் துணிவில்லை. கடையில் நான் வைத்திருந்த பெயர் மூஸ் அங்கிள். மூஸ் என்பது இங்கே வடக்குக் காடுகளில் திரிகிற மான் இனம். மான் என்றவுடன் துள்ளி ஓடுகிற சின்ன உருவத்தை நினைக்கக் கூடாது. மாட்டைவிட உயரம், நின்றால் ஒரு வான் அளவுக்கு இருக்கும். அதைச் சுடுவதற்குத் தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்த மூன்று வெள்ளைக்காரர்களோடு ஒவ்வொரு ஒக்டோபரும் எட்டு மணித்தியாலம் காரில் வடக்கே போவார். கட்டை மனிதர், மெலிவு, ஐம்பதுக்கு மேல் வயது. காலில் எப்போதும் தொழிற்சாலைச் சப்பாத்து. இந்த ஆள் மூஸ் சுடுவார் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

முதல்முறை வந்தபோது நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

"முந்நூறு மாக்னம் என்ன விலை பிள்ளை?"

"முப்பத்தெட்டு டொலர் அங்கிள். வரி தனி."

"எத்தினை ரவை?"

தோட்டாவை அவர் ரவை என்றுதான் சொல்வார்; முந்நூறு மாக்னம் அதன் அளவு. "இருபது" என்றேன்.

நான் கணக்குப் போடும் இயந்திரத்தை எடுக்க முன்னரே அவர் போட்டு முடித்துவிட்டார். "வரியோட பாத்தால் ஒரு வெடி ரெண்டு டொலருக்கு மேல. ஆருக்கு விக்கிறீங்கள் உதை? அரசனுக்கோ?" பெட்டியை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். "எனக்கு அஞ்சு காணும். உதை உடைச்சு அஞ்சு தாரும்."

"பெட்டி உடைக்க ஏலாது அங்கிள்."

"ஏன் ஏலாது? எங்கட ஊரில கடைக்காரன் சிகரெட் பெட்டியை உடைச்சு ஒண்டு தருவான். பனடோல் மட்டையை வெட்டி ரெண்டு குளிசை தருவான். உங்கட முதலாளிக்கு அஞ்சு ரவை எண்ணித்தர என்ன கை முறிஞ்சு போமோ?"

உள்ளே இருந்து எட்டிப்பார்த்த முதலாளி, என்னவாம் என்று கேட்டார். சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முட்டைகூட டசினாகத்தான் விற்கிறார்கள் என்று அவரிடம் சொல் என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எந்த மொழியிலும் விளங்கும். மூஸ் அங்கிள் பெட்டியைக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து இரண்டு தூண்டில் முள் வாங்கிக்கொண்டு போனார். ஒரு கடைக்குள் நுழைந்து வெறுங்கையோடு வெளியே போவது அவருக்கு மானப் பிரச்சினை. அவர் மீன் பிடிப்பதில்லை. அந்த முட்களை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஃபோமன் தன்னுடைய துவக்கை அவருக்கு மலிவாகக் கொடுத்திருந்தார். துவக்கு மலிவு, அது தின்கிற சாப்பாடு விலை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சாதாரண மான் சுடுகிற துவக்காக இருந்தால் அரைவாசி விலையில் தோட்டா கிடைக்கும். இது பெரிய மிருகத்துக்கான பெரிய அளவு. வாங்குகிற ஆட்கள் குறைவு, அதனால் விலை கூட என்று முதலாளி நியாயம் சொல்வார். கூடப்போகிற மூவரின் துவக்குகளும் வேறு அளவு. இரவல் வாங்கவும் வழியில்லை. துவக்கோடு ஃபோமன் ஒரு சிவப்புப் பெட்டியில் ஒன்பது தோட்டா கொடுத்திருந்தார். மூஸ் அங்கிள், தொண்டைக்கரகரப்பு மிட்டாய் வருகிற தகர டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அந்த ஒன்பதையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். ஒரு முறை திறந்து காட்டினார். புதுப் பிள்ளையைக் காட்டுவது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காட்டினார்.

அவருடைய உலகத்தில் எல்லாவற்றுக்கும் அளவு வெடிதான். கோப்பி என்றால் அரை வெடி. பஸ் என்றால் ஒரு வெடி. தொழிற்சாலையில் ஒரு மணித்தியாலம் நின்றால் நாலு வெடி. ஒரு மார்கழிக் குளிரில் மோர்னிங்சைட் வீதியில் அவர் நடந்து போவதைக் கண்டு, பஸ் வருகிறதே அங்கிள், ஏறுங்கோ என்றேன். "நடந்தால் ஒரு வெடி மிச்சம் பிள்ளை" என்றார், காது சிவந்து போயிருக்க. நான் போட்டிருந்த புதுக் குளிர்க்கோட்டைப் பார்த்து, "உது அம்பது வெடி வரும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று மாதம் சேர்த்து வாங்கிய கோட்டு. அதற்குப் பிறகு அதைப் போடும்போதெல்லாம் ஐம்பது வெடி என்ற நினைப்பு வந்தது.

இப்படிக் கணக்குப் பார்ப்பவர் கஞ்சர் என்று நினைத்தால் தவறு. மூஸ் அடித்துக்கொண்டு வந்தால் தன் பங்கில் பாதியைத் தான் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பிரித்துக் கொடுப்பார். எங்களுக்கும் ஐஸ்கிறீம் வாளியில் உறைந்த இறைச்சி வரும். முதல் தடவை என் அம்மா வாளியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். "உது மாடோ மானோ? அதை முதல் கேட்டுச் சொல்லு." நான் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "மானெண்டு சொல்லு. கொம்பை நான் கண்டனான்." அம்மா பழைய சட்டி ஒன்றில் தனியாகச் சமைத்தார். நல்லெண்ணெயும் மிளகும் போட்டுப் பிரட்டினால் ஆட்டிறைச்சி தோற்கும். அடுத்த வருடம் ஒக்டோபர் பிறந்ததும், "உந்த மனுசன் வேட்டைக்குப் போட்டாரோ?" என்று அம்மாவே கேட்கத் தொடங்கிவிட்டார்.

முதலாளிக்கும் அவருக்கும் வருடாவருடம் நடக்கும் இன்னொரு சண்டை கடதாசி பற்றியது. வேட்டைக்குப் போக முதல் எல்லோரும் சுடும் பயிற்சித் திடலுக்குப் போய், தூரத்தில் கட்டிய கடதாசிக்கு நாலைந்து தரம் சுட்டு, துவக்கின் குறிக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இங்குள்ள வழக்கம். கார் குலுக்கலில் கண்ணாடி ஒரு மயிரிழை அசைந்தாலும் வெடி வேறெங்கோ போகும் என்று முதலாளி சொல்வார். நான் மொழிபெயர்ப்பேன்.

"கடதாசிக்குச் சுட எனக்கென்ன விசரே?" என்பார் அவர். "அஞ்சு வெடி பத்து டொலர். கடதாசியை ஆர் தின்னுறது?"

வன்னியில் வாய்க்கால் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தபோது, வயலை உழக்க வரும் பன்றிகளைப் ஈயக்குண்டு சிதறுகிற பழைய சன்னத் துவக்கால் சுட்டவர் அவர். அந்தத் துவக்குக்குக் கண்ணாடியும் இல்லை, கடதாசியும் இல்லை. பதினைந்து அடி கிட்டப்போய் ஒரு வெடி. பிறகு அரசாங்கம் எல்லோருடைய துவக்கையும் பறித்துக்கொண்டு போய்விட்டது. கனடாவிலும் அப்படியே கிட்டப் போனார். மற்ற மூவரும் இருநூறு அடிக்கு அப்பால் நின்று சுடுவார்கள். இவர் சேற்றில் வயிற்றால் ஊர்ந்து, மிருகத்தின் மூச்சுப் புகை தெரியும்வரை போவாராம். ஒரு வெடி, ஒரு மிருகம். ஒன்பது, எட்டு, ஏழு என்று டப்பாவில் குறைந்தது அப்படித்தான். சில வருடம் உயிர் பிரியாத மிருகத்துக்கு இரண்டாவது வெடியும் வைக்க வேண்டியிருக்கும். அந்த வருடங்களில் இரண்டு மடங்கு கோபத்தோடு கடைக்கு வருவார்.

ஒரு செப்டெம்பரில் விலையைக் கேட்டுச் சத்தம்போட்டு முடிந்த பிறகு, நான் விளையாட்டாகச் சொன்னேன். "இந்த விலையெண்டால், எங்கட ஊரில சுட்டதுக்கெல்லாம் எவ்வளவு முடிஞ்சிருக்கும் அங்கிள்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வழக்கமான கடைக் கோபம் இல்லை.

"எங்களுக்குச் சுட்டவன் ஒருத்தனும் விலை கேக்கேல்லைப் பிள்ளை" என்றார். "மரத்துக்கும் சுட்டான், கூரைக்கும் சுட்டான், நாய்க்கும் சுட்டான். ரவையின்ர விலை தெரிஞ்சவன் அப்பிடிச் சுடமாட்டான்."

அன்று வழக்கமான இரண்டு தூண்டில் முள்ளுக்குப் பதிலாக நாலு வாங்கினார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. எனக்கும் உள்ளே கிடந்த கோபத்தை அவர் எடுத்து வெளியே வைத்துவிட்டார். அன்றில் இருந்து அவர் எனக்கு வெறும் வாடிக்கையாளர் இல்லை.

அதனால்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். இரக்கத்தால் செய்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழு உண்மை அதுவல்ல. முதலாளி மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஐந்து தோட்டா தேவைப்படுகிற மனிதன் இருபதுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தின் மேல் கோபம் இருந்தது. முட்டைக் கதை சொல்லிச் சிரித்த அந்த வயிற்றின் மேல் கோபம் இருந்தது.

ஏழாவது செப்டெம்பரில் அவர் வந்தபோது கதவு மெல்லத் திறந்தது. தொழிற்சாலையில் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். டப்பாவைத் திறந்து காட்டினார். பஞ்சின் மேல் ஒன்றுகூட இல்லை. போன வருடம் கடைசி இரண்டும் போய்விட்டன.

"எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு, அங்கிள்."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. சத்தம் போட்டிருந்தால் நான் வழக்கம்போலப் பேசாமல் நின்றிருப்பேன். அவர் பெட்டியைக் கையில் எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். "இந்த முறை குளிருக்கு இறைச்சி வேணும் பிள்ளை. வீட்டில சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு வழக்கமான கேள்வி. "உடைச்சு அஞ்சு தர ஏலாதோ?"

அன்று வியாழக்கிழமை. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.

மேசைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருந்தது. வேட்டைக்காரர் செத்துப்போனால் மனைவிமார் வீட்டில் கிடந்த தோட்டாக்களைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார்கள். பெட்டி கிழிந்து சிதறியவையும் அதற்குள் கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை முதலாளி அதைக் கொண்டுபோய் அழிக்கக் கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதில் கை வைக்காதே, ஒன்றும் விற்காதே என்று சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாக விற்கத்தான் இந்தக் கபடம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

தகரத்தைக் கிண்டினேன். தோட்டாவின் அடியில் அளவு பொறித்திருக்கும். முந்நூறு மாக்னம் என்று பொறித்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஐந்து கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"இந்தாங்கோ அங்கிள். காசு வேண்டாம்."

அவர் ஐந்தையும் உள்ளங்கையில் உருட்டினார். "முனை ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு. இது மொட்டை, இது கூர்."

"அடியைப் பாருங்கோ. எல்லாம் ஒரே அளவுதான்" என்றேன். கடைக்காரியின் குரலில், தெரிந்தவள் போல.

அவர் அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்தார். ஏழு வருடத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு. ஐந்தையும் பஞ்சில் படுக்க வைத்து, டப்பாவை மூடி, சட்டைப்பையில் போட்டார். "கடைசியில ஒருத்தி உடைச்சுத் தந்திட்டாள்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்கு அன்று தெரியாதது இதுதான். அடியில் உள்ள அளவு ஒன்றாக இருந்தாலும் முனையில் உள்ள ஈயத்தின் எடை தோட்டாவுக்குத் தோட்டா மாறும். தூரம் கூடக்கூடப் பாரமானது தாழப் போகும், பாரம் குறைந்தது உயரப் போகும். ஃபோமன் அந்தத் துவக்கின் கண்ணாடியைத் தன் சிவப்புப் பெட்டித் தோட்டாவுக்கென்று திருத்தி வைத்திருந்தார். அந்த ஒன்பதும் முடியும்வரை மூஸ் அங்கிளுக்கு ஒரு வெடியும் பிழைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வேட்டைக்குப் போகிற சின்னப் பையனுக்கும் தெரிந்த விசயம். வேட்டைச் சாமான் விற்ற எனக்குத் தெரியவில்லை. கடதாசிக்கு ஒரு வெடி வைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஐந்தில் ஒன்றைக் கடதாசிக்குக் கொடுக்கிற மனிதரா அவர்?

ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை வந்தார். சப்பாத்தெல்லாம் காய்ந்த சேறு. தாடி வளர்ந்திருந்தது. நேரே வந்து ஐந்து வெற்றுக் கோதுகளைக் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார்.

"அஞ்சும் போச்சுது" என்றார். "முதல் வெடி வயித்தில பட்டுது. நெஞ்சுக்குத்தான் வைச்சனான். ரெண்டாவது பின்னங்காலில. மூண்டும் நாலும் எங்க போச்செண்டு கடவுளுக்குத்தான் தெரியும். அஞ்சாவது கொம்பில பட்டுத் தெறிச்சுது. என்ர கையில பிழை இல்லைப் பிள்ளை. இந்த முறை இடையில தண்ணி, அறுநூறு அடிக்குக் கிட்டப் போக ஏலேல்லை."

"பேந்து?"

"சதுப்புக்குள்ள இறங்கியிட்டுது. முதல் நாள் பொழுதுபடும் வரைக்கும் சத்தம் கேட்டுது. பிள்ளை அழுற மாதிரி. என்னட்டை ஒரு ரவையும் இல்லை. மற்றவங்கள் மலைக்கு அங்கால. அடுத்த நாள் அவங்கள் தேடிப்போட்டு வெளிக்கிட்டிட்டாங்கள், திங்கள் வேலையெண்டு. நான் நிண்டனான். மூண்டாம் நாள் கண்டன். காகம் கண்ணைக் கொத்திப்போட்டுது. வயித்துக் காயத்தால இறைச்சி பழுதாப்போச்சு. ஆனால் உடம்பு இன்னும் சூடு." குரல் உடைந்தது, உடனே அதற்கும் கோபப்பட்டார். "விளங்குதோ? அண்டைக்குக் காலமைதான் செத்திருக்கு!"

கண்ணாடியில் கையால் ஓங்கி அடித்தார். ஒரு கோது விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்து முதலாளி வந்தார்.

முதலாளி கோதுகளைக் கையில் எடுத்து அடியைப் பார்த்தார். ஐந்து கோது, மூன்று வேறு கம்பனிகளின் முத்திரை. அவருக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மூஸுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். மூஸ் அங்கிள் தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முதலாளியின் கழுத்தெல்லாம் சிவந்தது. எந்த மடையன் உனக்கு இந்தக் குப்பையைத் தந்தான் என்று கத்தினார்.

மேசைக்குக் கீழே என் முழங்காலில் அந்த பிஸ்கற் தகரம் முட்டிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கடிதம் தரவேண்டும். அடுத்த கிழமை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளித்துக்கொண்டிருந்தான். பொலிஸ் இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தது. இதையெல்லாம் ஒரு காரணமாகத்தான் சொல்கிறேன். சாட்டாகச் சொல்லவில்லை. சொன்னாலும் அது சாட்டுத்தான்.

மூஸ் அங்கிள் என்னைப் பார்க்கவே இல்லை. "கராஜ் சேலில் வாங்கினேன்" என்றார் முதலாளியிடம், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றதில் வாங்கியது போல.

முதலாளி ஓய்வில்லாமல் திட்டினார். பத்து டொலரை மிச்சம் பிடிக்க ஒரு மிருகத்தை மூன்று நாள் சித்திரவதை செய்தாய் என்றார். அது நியாயம்தான். பிறகு, உன்னுடைய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் மலிவு தேடுகிற ஆட்கள், உங்கள் கையில் துவக்கே இருக்கக்கூடாது என்றார். அந்த ஆட்களில் ஒருத்தி இரண்டடி தள்ளி நிற்கிறாள் என்பது அவருக்கு நினைவில்லை. அல்லது நினைவிருந்தும் கவலையில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். இனி இந்தக் கடைப்பக்கம் வரக்கூடாது என்று இவருடைய மொழியில் சொல்லு, வடிவாக விளங்கும்படி சொல்லு என்றார்.

மூஸ் அங்கிளுக்கு விளங்காத ஒரு சொல்கூட அதில் இல்லை. இருந்தும் நான் மொழிபெயர்த்தேன்.

"இனி இஞ்ச வர வேண்டாமாம்" என்றேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். தமிழில், விலை கேட்கிற அதே குரலில் சொன்னார்: "கேட்டது நான். ஏலாதெண்டு சொல்ல வேண்டியது நீ."

திரும்பி நடந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டு தூண்டில் முள்கூட இல்லாமல் வெறுங்கையோடு போனார்.

முதலாளி கோதுகளை என் பக்கம் தள்ளி, தகரத்துக்குள் போடு என்றார். போட்டேன். அடுத்த கிழமை கடிதம் கிடைத்தது. தம்பி வந்து சேர்ந்தான். அந்த மூன்று வெள்ளைக்காரர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள்தான். முதலாளி அவர்களுக்கும் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அவர்கள் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போனார்கள். ஒக்டோபர் வந்தது. "உந்த மனுசன் வேட்டைக்குப் போட்டாரோ?" என்று அம்மா கேட்டார். தெரியாது என்று எரிந்து விழுந்தேன். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டேன். என்ன கோபம் என்று முதலாளி கேட்டார். சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

எனக்கு அவர் மேலும் கோபம்தான். என் பெயரைச் சொல்லியிருக்கலாமே? யார் அவரை என்னைக் காப்பாற்றச் சொன்னது? ஒரு மனிதன் தனக்காக அவமானப்படுவதை வாயை மூடிக்கொண்டு பார்த்தவள் என்ற பட்டத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போக அவருக்கு என்ன உரிமை? இப்படியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். எல்லாச் சண்டையிலும் நான் தோற்றிருக்கிறேன்.

கடைசியாக அவரைக் கண்டது அஜக்ஸில், தெரிந்தவர்கள் வாங்கிய ஒரு புது வீட்டுக் குடிபூரலில். இரண்டு வருடம் கழிந்திருந்தது. கராஜுக்குள் போட்டிருந்த கதிரையில் தனியாக இருந்து வடை தின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் போய் முன்னால் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"அங்கிள், அண்டைக்கு நான் வாய் திறந்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பழைய மூக்கு விடைத்தது. "என்னட்டை ஏன் கேக்கிறாய்? நான் சாகேல்லையே?"

துவக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவைத்தேன்.

"வித்துப்போட்டன்." வடையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "விக்க முதல் ஒரு பெட்டி வாங்கினன். அந்தச் சிவப்புப் பெட்டி. முழுப் பெட்டி, இருபது. நாப்பத்தெட்டு டொலர், வரி தனி. ஒஷாவாவுக்கு அங்கால ஒரு திடல் இருக்கு, அங்க கொண்டுபோனன்."

"என்னத்துக்கு?"

"கடதாசிக்குச் சுட."

நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தேன்.

"இருபதையும் சுட்டன். ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை." இரண்டு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வட்டம் பிடித்துக் காட்டினார். தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற தட்டம் அளவு. "இருபதும் இதுக்குள்ள நிண்டுது பிள்ளை."

அந்த வட்டத்தை அவர் உடனே கலைக்கவில்லை. அதற்கு நடுவில் என்னுடைய முகம் இருந்தது. உள்ளே இருந்து யாரோ சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கைகளை இறக்கி, வடையை எடுத்து, மிச்சத்தைத் தின்னத் தொடங்கினார்.